நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க

படம் வரைஞ்சு காட்டினா பார்த்த உடனே "சூப்பர்ணே"ன்னு சொல்லிட்டுப் போறவங்க மேல இப்பல்லாம் எனக்குக் கோபமே வருது. ஏன்னு சொல்றேன்.

2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கம் அறிவிச்சப்ப எங்க கிணறும் வறண்டு கிடந்துச்சு. அந்த வருசம் கடனுக்காக டிராக்டரை வித்தேன். செவப்பு மாஸி பெர்குசன், 1035. பதினாலு வருசம் ஓட்டின வண்டி. ஒரு போட்டோ கூட எடுத்து வைக்கல. மக கல்யாண ஆல்பத்துல ஒரு ஓரமா பின்சக்கரம் மட்டும் தெரியுது. அதை முழுசா வரைஞ்சு வீட்டுல மாட்டணும்னுதான் இந்த வயசுல அக்ரிலிக் கலர் வாங்கினேன்.

முதல் படத்தை வீட்டுல காட்டினேன், "அச்சு அசலா இருக்கு"ன்னாங்க. ஊர்லயும் அதே பேச்சு. ஞாயித்துக்கிழமை திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துல ஒரு டீக்கடையில படம் வரையறவங்க மூணு பேரு கூடுவாங்க. லாரிக்குப் பெயிண்ட் அடிச்ச அண்ணன் ஒருத்தர், ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார், காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு. அங்க கொண்டுபோனேன். அண்ணன் டீ ஆறுற வரைக்கும் பார்த்தாரு.

"தம்பி, வண்டி தரையில நிக்கலையே. மெதக்குதே."

டயருக்கு அடியில நிழலே போடல நான். சக்கரத்தையும் முழு வட்டமா போட்டிருந்தேன். "நேரா பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் வட்டம். சாய்வா பார்த்தா கோழிமுட்டை"ன்னாரு. வாத்தியார் உடனே, "முட்டை இல்லப்பா, முட்டைக்கு ஒரு பக்கம் கூரா இருக்கும். இது அமுக்கின வளையம்"னாரு. அதுக்கு ரெண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை.

டீ குடிக்க வந்த டிரைவர் ஒருத்தர் எட்டிப் பார்த்து, பின்டயர் பட்டையைத் தலைகீழா போட்டிருக்கேன்னு சொல்லிப்புட்டாரு. பின்னால நின்னு பார்த்தா அந்தக் கூம்பு மேல பார்த்து இருக்கணுமாம், அப்பத்தான் சேத்தை வெளிய தள்ளுமாம். பதினாலு வருசம் ஓட்டினவனுக்கு இது தெரியல பாருங்க!

ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகல. ரோசம். பிறகு பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்கிட்ட வெயில்ல நின்னு பார்த்தேன். எல்லாரும் சொன்னது சரி.

அக்ரிலிக் பத்தி அந்தப் பொண்ணுதான் சொல்லிக்கொடுத்துச்சு. நம்ம ஊர் பங்குனி வெயிலுக்கு பிரஷ்ல தொடுறதுக்குள்ள தட்டுலயே காய்ஞ்சு ரப்பராயிடும். "தட்டுல ஈரத்துணி விரிச்சு, மேல பட்டர் பேப்பர் போட்டு அதுல பிழிங்க பெரியப்பா"ன்னுச்சு. காய்ஞ்சா ஒரு சுத்து கருத்துப்போகும், அதனால கொஞ்சம் வெளுப்பாவே கலக்கணும். செவப்பு மட்டும் அடியில இருக்குறதை மூடாது, மங்கலாத் தெரியும். முதல்ல மஞ்சளோ வெள்ளையோ பூசணும்னு அண்ணன் சொன்னாரு. அது லாரிப் பட்டறை வித்தை.

அவரு பொடியனா இருந்தப்ப, எழுத்து கோணினா மேஸ்திரி மண்ணெண்ணெய்த் துணியால ஒரே இழுப்புல அழிச்சிடுவாராம். அழுதுக்கிட்டே திரும்ப எழுதணும். அப்படிப் பழகின கைதான் எத்தனையோ லாரியில மயிலும் தாமரையும் 'ஒலி எழுப்பவும்'னும் எழுதுச்சு. இப்ப மெஷின்ல வெட்டின ஸ்டிக்கரை ஒரு மணி நேரத்துல ஒட்டிடுறாங்க. அவருக்கு மாசத்துக்கு ரெண்டு நம்பர் பிளேட் வந்தாலே பெருசு. ஸ்டிக்கர் மலிவு, லாரிக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பட்டறையோட, இது கோணல்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளும் போயிட்டாரே.

பட்டணத்துல இருக்குற உங்ககிட்ட கேக்குறேன். என் கத்திரிச்செடியில புழுவைப் பார்த்துட்டு பக்கத்துத் தோட்டக்காரர் "நல்லாருக்கு"ன்னு போனா அவரு எனக்கு வேண்டியவரா? உங்க புள்ள படம் வரைஞ்சுட்டு வந்தா ரெண்டு நிமிசம் உக்காந்து பாருங்க. பிடிச்சது ஒண்ணு, பிசகுனது ஒண்ணு சொல்லுங்க. அண்ணன் மாதிரி டீ ஆறட்டும், பரவாயில்ல.

போன வாரம் நாலாவது படம் கொண்டுபோனேன்.

"இப்ப நிக்குது. ஆனா உன் வண்டி செவப்பு இது இல்ல தம்பி, இது ஷோரூம் செவப்பு"ன்னாரு.

வாஸ்தவம்தான். வெயில்ல கிடந்து பானெட்டு வெளுத்து, ரோஸ் கலருக்கு வந்திருந்துச்சு. வர்ற ஞாயிறுக்குள்ள அந்தக் கலரைக் கலக்கிப் பார்க்கணும்.