நியமிக்கும் அதிகாரமும் ஐந்து வாக்குகளும்

நால்வர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு, இருவர் நடுநிலை. தேசபந்து தென்னகோனைப் பொலிஸ் மா அதிபராக நியமிக்க அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க முன்வைத்த பெயரை 2024 பெப்ரவரி 26 அன்று அரசியலமைப்புப் பேரவை பரிசீலித்தபோது கிடைத்த முடிவு இது. தலைமை வகித்த சபாநாயகர் நடுநிலை வகித்த இருவரையும் எதிர்ப்பாளர்களாகக் கணக்கிட்டார். நான்குக்கு நான்கு என்றானதும் தமது தீர்மான வாக்கை ஆதரவாக அளித்து, அங்கீகாரம் கிடைத்துவிட்டதாக அறிவித்தார். அன்றைய தினமே நியமனம் வழங்கப்பட்டது.

அரசியலமைப்பு இவ்விடயத்தில் தெளிவானது. ஏகமனதான தீர்மானம் இல்லாதவிடத்துச் சமுகமளித்திருக்கும் உறுப்பினர்களுள் குறைந்தது ஐவரின் ஆதரவு தேவை. சபாநாயகருக்கு மூலவாக்கு இல்லை. வாக்குகள் சமமாகும்போது மாத்திரமே தீர்மான வாக்கு உண்டு. நடுநிலை என்பது எதிர்ப்பு என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. நான்குக்கு இரண்டு என்பது சமநிலையும் அல்ல. இந்த எளிய கணக்கை அரசியல் விருப்பு வெறுப்புக்கு அப்பால் எவரும் சரிபார்க்கலாம். அந்நியமனத்துக்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், 2024 ஜூலை 24இல் அவர் பதவியில் கடமையாற்றுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

தடை விதிக்கப்பட்டதும், பதவி வெற்றிடமாகவில்லை என்றும், எனவே பதில் நியமனம் செய்ய முடியாது என்றும் அரசாங்கம் பாராளுமன்றத்தில் வாதிட்டது. ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய அந்த வாரங்களில், பொலிஸ் திணைக்களத்தின் தலைமைக்கு ஒருவர் இருந்தும் இல்லாத நிலை நீடித்தது. புதிய ஜனாதிபதி பதவியேற்ற பின்னர், செப்டெம்பர் இறுதியில்தான் பதில் பொலிஸ் மா அதிபர் ஒருவர் நியமிக்கப்பட்டார். தென்னகோன் 2025 ஓகஸ்டில் 177 வாக்குகளால் பாராளுமன்றத்தினால் பதவிநீக்கம் செய்யப்பட்டார். ஒரு நியமனத்தின் கணக்குப் பிழையைத் திருத்துவதற்கு ஏறத்தாழ ஒன்றரை வருடங்களும் நீதிமன்றமும் பாராளுமன்ற விசாரணைக் குழுவும் தேவைப்பட்டன.

இப்பேரவையின் வரலாறே நியமன அதிகாரத்துக்கான இழுபறிதான். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு உயர்பதவி நியமனங்களை ஜனாதிபதியின் கைகளில் ஒப்படைத்திருந்தது. 2001இன் 17ஆவது திருத்தம் அதற்குக் கடிவாளமிட்டது. ஆனால் கடிவாளத்தின் மறுமுனையும் ஜனாதிபதியிடமே இருந்தது. தேர்தல் ஆணைக்குழுவின் தலைவராகப் பேரவை பரிந்துரைத்தவரை நியமிக்கச் சந்திரிகா குமாரதுங்க மறுத்தார். ஜனாதிபதிக்குரிய விடுபாட்டுரிமையைக் காட்டி, அவரை வற்புறுத்த இயலாதென்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. அந்த ஆணைக்குழு 2015 வரை உருவாகவேயில்லை. 2005இல் பேரவையின் பதவிக்காலம் முடிந்தபோது புதிய பேரவை அமைக்கப்படவில்லை. நியமனங்கள் மாத்திரம் அதனைக் கடந்து தொடர்ந்தன. 2010இன் 18ஆவது திருத்தமும் 2020இன் 20ஆவது திருத்தமும் பேரவையை அவதானிப்புகளை மட்டுமே கூறக்கூடிய பாராளுமன்றப் பேரவையாகச் சுருக்கின. 2015இன் 19ஆவதும் 2022இன் 21ஆவதும் அதனை மீட்டன. அரசாங்கம் மாறும்போதெல்லாம் கடிவாளமும் மாறியது என்று சொன்னால் அது மிகையல்ல.

இவற்றுள் 19ஆவது திருத்தம் ஒரு பாடத்தைச் சரியாகக் கற்றிருந்தது. பேரவைக்கு முன்மொழியப்பட்டவர்களை ஜனாதிபதி 14 நாட்களுக்குள் நியமிக்காவிடின், அவர்கள் நியமிக்கப்பட்டவர்களாகவே கருதப்படுவர் என அது விதித்தது. ஜனாதிபதியின் மௌனம் இனி தடையாக முடியாது. அதே திருத்தம் விடுபாட்டுரிமையையும் தளர்த்தி, ஜனாதிபதியின் செயல்களுக்கு எதிராகச் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை வழக்குத் தொடர வழிசெய்தது. 2003இல் கைவிரித்த நீதித்துறை 2024இல் தடையுத்தரவு வழங்க முடிந்ததன் பின்னணி இதுவே.

மற்றொரு வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது. ஆணைக்குழு உறுப்பினர்களைப் பேரவை பரிந்துரைக்கும், ஜனாதிபதி நியமிப்பார். பிரதம நீதியரசர், சட்டமா அதிபர், கணக்காய்வாளர் நாயகம், பொலிஸ் மா அதிபர் போன்ற பதவிகளிலோ ஜனாதிபதி பெயரை முன்வைப்பார். பேரவை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மாற்றுப் பெயரைச் சொல்லும் அதிகாரம் பேரவைக்கு இல்லை. 2024 ஜூனில் சட்டமா அதிபரின் சேவை நீடிப்பை அது நிராகரித்தபோது, ஜனாதிபதி வேறொருவரை முன்மொழிந்ததால் அடுத்த மாதமே புதியவர் வந்தார். அவர் முன்மொழியாது இழுத்தடித்திருந்தால்? 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்ற பின்னர் பல மாதங்கள் பதில் நியமனத்திலேயே கழிந்தமை, இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல என்பதை உணர்த்துகின்றது. அரச நிதியைக் கணக்காய்வு செய்பவர் தமது பதவிக்காலத்தின் நீடிப்பைக் காத்திருக்க நேர்வது எந்த அரசாங்கத்துக்கு வசதியானது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

எனது பார்வையில் இரண்டு திருத்தங்கள் போதுமானவை. உயர்பதவி வெற்றிடமாகி ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் ஜனாதிபதி பெயரை முன்வைக்காவிடில், அதனை முன்வைக்கும் உரிமை பேரவைக்குச் செல்லவேண்டும். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை எண்ணிக்கையுடன் காரணமும் எழுத்தில் வெளியிடப்படவேண்டும். 2024 பெப்ரவரியில் அக்கணக்கு அன்று மாலையே அதிகாரபூர்வமாக வெளியாகியிருப்பின், நான்கு எவ்வாறு ஐந்தானது என்ற கேள்வி பதவியேற்புக்கு முன்னரே எழுந்திருக்கும்.