பூண்டுத் தோலும் மின்சாரமும்

கொடைக்கானல் மலையிலுள்ள வில்பட்டியில் பூண்டைத் தரம் பிரிக்குங்கால் உதிரும் தோல் காற்றில் பறக்கிறது; எஞ்சியது எருக்குழிக்குப் போகிறது. புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் தோலுக்கு இதுவே கதி. அது ஒரு மூலப்பொருள் என்று நாம் சொன்னால் நண்பர்கள் நகைப்பார்கள். சீன விஞ்ஞானிகள் நகைக்கவில்லை. பூண்டுத் தோலைக் கரியாக்கி, அதிலிருந்து மீமின்தேக்கிக்கு மின்வாய் செய்து, 2018-இல் அவ்வாராய்ச்சியை உலகறிய வெளியிட்டனர்.

பாட்டரி ரஸாயன மாறுதலால் மின்சாரத்தைச் சேமிக்கிறது. மீமின்தேக்கியோ கரியின் மேற்பரப்பில் மின்னேற்றத்தை நிறுத்திச் சேமிக்கிறது. ஆகவே அது விநாடிகளில் நிரம்பும். லக்ஷக்கணக்கான முறை நிரப்பினும் தளராது. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் அது கொள்ளும் சக்தி லிதியம் பாட்டரியினுடையதில் சிறு பங்கே. இக்குறையைத் தணிக்கவே கரியில் நைட்ரஜன் அணுக்களைப் புகுத்துகின்றனர். அவ்விதக் கரியில் மின்திரவம் எளிதில் ஊறும், மின்னோட்டமும் சீர்படும், நைட்ரஜன் அணுக்களிற் சில தாமே வினையிற் கலந்து கூடுதல் மின்னேற்றம் தாங்கும். இதற்காக யூரியா, மெலமின் முதலியவற்றைச் சேர்த்துச் சுடுவது வழக்கம். தாவரப் பொருளில் இயற்கையாகவே நைட்ரஜன் இருப்பின் ஒரு பகுதி கரியிலேயே தங்கும். சூடு மிஞ்சினால் அது ஓடிவிடும். குறைந்தால் கரியில் மின்சாரம் நன்கு பாயாது. இந்தத் தராசைப் பிடிப்பதிலேதான் வித்தை இருக்கிறது.

அவ்வித்தைக்கு நம்மிடம் இடமில்லையா? அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷ ரூபாயும் ஈந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஜப்பானியர் தேங்காய்த் தொட்டிக் கரியைப் பக்குவம் செய்து மின்வாய்க் கரியாக விற்கின்றனர். தென்னை விளையும் நாட்டார் கரியை அனுப்பி மின்வாயை வாங்குவது, பஞ்சை அனுப்பித் துணியை வாங்கிய பழைய கதையல்லவா? 2024-இல் கேரளத்துக் கெல்ட்ரான் கண்ணூரில் மீமின்தேக்கித் தொழிற்சாலை திறந்தது. வாங்குவார் பக்கத்திலேயே இருக்கின்றனர்.

ஆயினும் வழக்கின் மறுபக்கத்தையும் சொல்வது நம் கடமை. கரியில் நுண்துளை உண்டாக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் கடுங்காரத்தோடு 700, 800 டிகிரியில் சுட்டு, அமிலத்தாலும் நீராலும் கழுவ வேண்டும். அக்கழிவு நீரை மலைச்சரிவில் விடுவதா? 2001-இல் மூடப்பட்ட உஷ்ணமானித் தொழிற்சாலையின் பாதரசத்தோடு கொடைக்கானல் பட்ட பாட்டை யாம் மறக்கவில்லை. வில்பட்டியில் தோலை உலர்த்திக் கட்டுவதோடு நிற்கட்டும். உலையும் கழுவலும் சமவெளியில், சுத்திகரிப்பு வசதியோடு நடக்கட்டும். ஓர் ஊர்த் தோல் போதாதென்பதும் மெய்யே. மலைப்பூண்டு இறங்கும் வடுகபட்டிச் சந்தையிலும் அதைத் திரட்டலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: குப்பைதானே என்று குடியானவனிடம் இலவசமாக அள்ளிச் செல்லலாகாது. வரும் அறுவடையில் காரைக்குடி நிலையத்தார் ஒரு லாரித் தோலை விலை கொடுத்து வாங்கட்டும். எத்தனை கரி தேறிற்று, என்ன செலவாயிற்று என்ற கணக்கைத் தமிழில் அச்சிட்டு வில்பட்டிப் பஞ்சாயத்துக்கும் அனுப்பட்டும்.