முதியோர் பராமரிப்பு: வழிகாட்டிக்குக் காசு கொடுப்பது யார்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி எமது நாட்டுச் சனத்தொகையில் 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 7.9 வீதம். 2024 இல் அது 12.6 வீதமாகியிருக்கிறது. இந்த மாற்றத்தை அரசியல்வாதிகள் கவனித்தார்களோ இல்லையோ, மாணவர்கள் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தொழில் முயற்சிக்கு யோசனை கேட்டால் முன்பெல்லாம் டியூஷன் செயலி என்பார்கள். இப்போது, வயோதிபப் பெற்றோரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு வழிகாட்டும் ஸ்டார்ட்அப் என்ற பேச்சும் காதில் விழுகிறது. வரவேற்க வேண்டிய விடயம்.

இப்படியொரு வழிகாட்டல் ஏன் தேவை? வாப்பாவுக்குப் பாரிசவாதம். சில நாட்களில் வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். படுக்கைப்புண் வராமல் அவரை எப்படிப் புரட்டுவது? பிசியோதெரபிக்கு எங்கே போவது? சக்கர நாற்காலி யாரிடம் கிடைக்கும்? கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதன் அர்த்தம் என்ன? அன்றிரவே இத்தனைக்கும் பதில் தேவை. பதில்கள் இல்லாமல் இல்லை, பத்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 60 வயதைக் கடந்தவர்கள் பிரதேச செயலகம் ஊடாக முதியோர் அடையாள அட்டை பெறலாம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். இந்தச் சபையின் பெயரையே கேள்விப்படாத படித்தவர்கள் நம்மிடையே ஏராளம்.

கிழக்கில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே வீடு மகளுக்குரியது. உம்மாவும் வாப்பாவும் அந்த வீட்டிலோ அதே வளவிலோதான் வாழ்கிறார்கள். மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்புவார். மலசலகூடத்துக்குத் தூக்கிச் செல்வது மகள். அவள் ஆசிரியையாக இருந்தால், முதலில் லீவு எடுப்பாள், பிறகு இடமாற்றத்துக்கு அலைவாள், கடைசியில் வேலையையே விடலாமா என்று யோசிப்பாள். முதியோர் இல்லம் என்று வாய் திறந்தால் ஊர் சும்மா விடாது. பெற்றோரைக் கவனிப்பது கடமை என்று ஜும்ஆவில் கேட்கிறோம், சரிதான். அந்தக் கடமையை வீட்டில் யாருடைய கை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சம்பளத்துக்கு ஒருவரை வைப்பதும் இலகுவல்ல. பராமரிப்பாளர் பயிற்சி பெற்றவர்களில் பலர் ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் போய்விடுகிறார்கள்.

ஆகவே தேவை உண்மையானது. மாணவர்களின் திட்டங்களில் செயலியின் நிறம் முதல் இலச்சினை வரை எல்லாம் இருக்கும். வருமானம் எங்கிருந்து என்ற இடத்தில் மட்டும், "குடும்பங்களுக்கு முற்றிலும் இலவசம், நிறுவனங்களிடம் தரகு" என்ற ஒரு வரி வந்து உட்கார்ந்துவிடும். கேட்க இனிப்பாக இருக்கும் இந்த வரிதான் ஆபத்து.

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'எ பிளேஸ் ஃபோர் மொம்' இதே வழியில் வளர்ந்த நிறுவனம். பெற்றோருக்கு ஏற்ற இல்லத்தைத் தேடும் பிள்ளைகளிடம் அது காசு வாங்குவதில்லை. ஆளைச் சேர்த்துக்கொள்ளும் இல்லம்தான் அதற்குக் கட்டணம் செலுத்துகிறது. 2024 இல் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஆராய்ந்தபோது, அது உயர்வாகப் பரிந்துரைத்த இல்லங்கள் பலவற்றின் மீது கவனயீனத்துக்காக அதிகாரிகள் ஏற்கனவே குற்றம் கண்டிருந்தமை வெளியானது. செனட் சபையின் முதியோர் விவகாரக் குழுத் தலைவராக இருந்த பொப் கேசி நிறுவனத்திடம் விளக்கம் கோரினார். அங்கே பணிபுரிபவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தரகு தராத நல்ல இல்லமொன்றை அப்படிப்பட்ட வழிகாட்டி ஏன் காட்டப்போகிறார்? கண்காணிப்பு ஓரளவு உள்ள நாட்டிலேயே இந்த நிலை. வீட்டுக்கு அனுப்பப்படும் பராமரிப்பாளர் யார், எங்கே படித்தார் என்று தொலைபேசியில் கேட்டுத் திருப்திப்படும் நமக்கு இது இன்னும் பாரதூரமானது.

எனவே இத்துறையில் இறங்கும் மாணவர்கள் சிறிய தொகையாக இருந்தாலும் குடும்பத்திடமே கட்டணம் வாங்கட்டும். கட்டாரிலுள்ள மகனுக்கு மாதம் ஓராயிரம் ரூபா பெரிய தொகையல்ல. உம்மாவின் கிளினிக் திகதியை நினைவுபடுத்தி, கூடச் சென்று, வைத்தியர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதி அனுப்பும் ஒருவருக்கு அவர் மனமுவந்து கொடுப்பார். கொடுக்க வசதியில்லாத வீடுகளுக்குப் பள்ளிவாசல் பைத்துல்மால் செலுத்தலாம். நோன்பு காலத்து உலருணவுப் பொதிக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கு போதும்.

செயலி பிறகு வரட்டும். முதலில் ஒரேயொரு பிரதேச செயலகப் பிரிவை எடுத்து, அங்குள்ள பிசியோதெரபிஸ்ட்கள், கட்டில் வாடகைக்குக் கொடுப்பவர்கள், பெண் நோயாளிகளுக்குப் பெண் பராமரிப்பாளர்கள் ஆகியோரை நேரில் கண்டு, விசாரித்து, தொலைபேசி இலக்கங்களோடு ஒரு கொப்பியில் எழுதட்டும். ஓ/எல் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளே இதைச் செய்து முடிக்கலாம்.