கடுவன் பூனைக்கு நீர்க்கடுப்பா? விடியட்டும் என்று இருக்காதீர்கள்!

பூனை வளர்க்கும் சகோதரிகளே, உங்கள் பூனை மணல் தட்டுக்கு நடையாய் நடக்கிறதா? உட்கார்ந்து முக்கி முக்கிப் பார்க்கிறதா? அழுகிறதா? "மலச்சிக்கல்தான், கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்தா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நீர்க்கடுப்பாக இருக்கலாம்.

இந்தத் தொல்லை பெட்டைக்கும் வரும். ஆனால் உயிருக்கு ஆபத்து கடுவனுக்குத்தான். அதன் மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். பொடி மணல் போன்ற உப்புத் துகளும் கோழையும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டுக்கூட இறங்காது. கழிவெல்லாம் ரத்தத்தில் தங்கி, வாந்தி எடுத்துச் சுருண்டுவிடும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். ஆகவே, நீர் இறங்கவில்லை என்று தெரிந்ததுமே, இரவோ பகலோ, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாழைத்தண்டுச் சாறும் பார்லிக் கஞ்சியும் அந்த அடைப்பை எடுக்காது. வலிக்குமே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

டாக்டர் குழாய் விட்டு அடைப்பை எடுத்துவிடுவார். அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. இது திரும்பத் திரும்ப வரக்கூடியது. இனிமேல்தான் நம் கவனிப்பு வேண்டும்.

தண்ணீர்: பூனை இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். உலர்ந்த தீனியை அப்படியே போடாமல், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் போடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். கோழி அவித்த தண்ணீர் கொடுத்தால் உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. டாக்டர் தனித் தீனி எழுதிக் கொடுத்திருந்தால், வேறு எதையும் கலக்க வேண்டாம்.

மணல் தட்டு: ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று. தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

மனசு: வீடு மாற்றுவது, புதுக் குழந்தை, விருந்தாளிக் கூட்டம், தீபாவளி வெடி—இந்தப் பயத்திலேயே பூனைக்கு நீர்ப்பை புண்ணாகும். ஒதுங்கிக்கொள்ள அமைதியான ஒரு மூலை கொடுங்கள். இளம் பூனைகளுக்குப் பெரும்பாலும் கிருமி காரணமில்லை. அதனால் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே, பூனை தினம் எத்தனை தடவை நீர் விட்டது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு குறைந்தால் உஷாராகிவிடலாம்.

இன்னொன்று. மெத்தையிலோ தரையிலோ போய்விட்டால் அடிக்காதீர்கள். திமிரில் செய்வதில்லை அம்மா, வலி தாளாமல் செய்கிறது. வாயில்லா ஜீவனுக்கு, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்ல வேறு என்ன வழி இருக்கிறது?