யார் வீட்டுக்குத் திரும்புகிறான்?

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கம் மலையேறும் பஸ்களிலிருந்து பையும் அட்டைப்பெட்டியுமாக இறங்கிய இளைஞர்களை நாம் மறந்துவிடவில்லை. 2020இல் ஊரடங்கு புறக்கோட்டைக் கடைகளை அடைத்தபோது வந்தார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசாங்கம் கைவிரித்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றபோது மீண்டும் வந்தார்கள்.

கொழும்பில் தோற்றவன் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினான் என்று எழுதிவிடுவது எளிது. அவ்வீடு பெற்றோருடையதுதானா? 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு இம்மலைகளில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, லயக் காம்பிராவுக்கோ அது நிற்கும் மண்ணுக்கோ உறுதிப்பத்திரம் இல்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. துரைமார் மாறினார்கள், காம்பிரா மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் தாய், தந்தை, அண்ணன், அண்ணி, குழந்தைகள். திரும்பி வந்த தம்பி படுப்பது அடுப்படியிலா, இஸ்தோப்பிலா?

"தோட்டத்தில் வேலை இருக்கிறதே, ஏன் சும்மா திரிகிறான்?" என்று கேட்கும் கனவான்கள் உளர். லயத்தில் பிறந்து படித்து முன்னேறிய நம் ஆசிரிய நண்பர்களிற் சிலரும் இதையே கேட்கிறார்கள் என்பதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது. ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின் 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று. மறுவருட விலைவாசி அதை விழுங்கி ஏப்பமிட்டது. அந்தக் கூலிக்குப் பெரட்டுக்களத்தில் நிற்க மறுப்பவன் சோம்பேறியா? தாயின் தேய்ந்த விரல்களைப் பார்த்து வளர்ந்தவன் அவன். கணக்குத் தெரிந்தவன். தோட்டத்துக்குக் கைகொடுத்தால்தான் தோட்டத்தில் கூரை என்பது எழுதாத சட்டம். அதற்குப் பணிய மறுப்பதை நாம் குற்றமாகக் கருதவில்லை.

'திரும்புதல்' என்ற சொல்லே இம்மக்கள்மேல் ஏவப்பட்ட ஆயுதமன்றோ? 1948இன் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதிற்று. கண்டிராத நாட்டுக்குப் போனவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர்! நீலகிரியில் அவர்களுட் பலருக்குக் காத்திருந்ததும் தேயிலைக் கொழுந்துதான். பிறந்த லயத்துக்கு வருபவனோ இன்று அழையா விருந்தாளி.

ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் என்று ஆட்சிக்கு ஆட்சி வாக்குறுதி வளர்கிறது. நாம் கேட்பது உறுதிப்பத்திரம்; தோட்டத்தில் வேலை செய்பவர், செய்யாதவர் என்று பிரிக்காமல், அங்கே வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும்.