நடுவழியில் யார் பொறுப்பு?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் வீடுகள் பல. அனுப்பும் முன் நம் மக்கள் எல்லாம் கேட்கிறார்கள். என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை ஆண்டு, சாப்பாடு உண்டா, தங்க இடம் உண்டா? விசாத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். ஒன்றை மட்டும் கேட்பதில்லை. விமானம் எங்கே நின்று போகிறது? நிற்கும் நாட்டில் இவனுக்கு அனுமதி உண்டா?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த இளைஞர்கள், வளைகுடா விசாவுக்காக இங்கே உறவினர் குடிசைகளில் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தார்கள். அன்று பம்பாயே அவர்களுக்கு நடுவழி. ஆனால் கையில் பணம் தீர்ந்தாலும் கேட்க ஒரு மாமனோ சித்தப்பாவோ இருந்தார். இன்றைய நடுவழி வேறு நாட்டில் இருக்கிறது. அங்கே மாமனும் இல்லை, சித்தப்பாவும் இல்லை.

சங்கதி என்னவென்று விளங்கச் சொல்வோம். டிக்கெட் இரண்டு வகை. மும்பையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் ஒரே டிக்கெட்டாக இருந்தால், பெரும்பாலும் சாமான் அந்த ஊர் வரை நேரே போய்விடும். பயணி நடுவில் இறங்கி, குடியேற்றச் சோதனையைத் தாண்டாமல், உள்ளேயே அடுத்த விமானத்துக்கு நடந்து போகலாம். துபாயிலும் தோகாவிலும் இப்படி உள்ளேயே இருந்து விமானம் மாறும் இந்தியருக்கு விசா வேண்டியதில்லை.

மற்றது, இரண்டு தனி டிக்கெட்டுகளை ஏஜென்ட் ஒட்டுப்போட்டுக் கொடுப்பது. விலையில் சில ஆயிரம் குறையும். ஆனால் முதல் விமானத்தோடு முதல் டிக்கெட்டின் கணக்கு முடிந்துவிடும். பெட்டி வெளியே வந்து பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை எடுக்கக் குடியேற்றச் சோதனையைக் கடக்க வேண்டும், கடக்க அந்த நாட்டு விசா வேண்டும். துபாயில் இறங்கி ஷார்ஜாவில் விமானம் ஏறச் சொன்னாலும் இதே கதைதான். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே நாடு. ஆனால் சாலைக்கு வருவதற்கு விசா வேண்டும். “டிரான்சிட்தானே, ஒன்றும் தேவையில்லை” என்று நாக்கூசாமல் சொல்லும் ஏஜென்ட் இதைச் சொல்வதில்லை.

எல்லா நாட்டிலும் ஒரே விதியும் இல்லை. அமெரிக்காவில் உள்ளேயே இருந்து மாறிப் போகும் வசதி கிடையாது. மெக்சிகோ போகிறவர் நியூயார்க்கில் இரண்டு மணி நேரம் விமானம் மாறினாலும் அமெரிக்க விசா எடுத்தாக வேண்டும். லண்டனில் வெளியே காலே வைக்காவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா உண்டு. அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவருக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு. ஐரோப்பாவிலோ இன்னொரு கண்ணி. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, பாரிஸ் போய், அங்கிருந்து டொரொண்டோ போகும் டிக்கெட்டில், பிராங்க்ஃபர்ட்–பாரிஸ் பயணம் உள்நாட்டுப் பயணம் போலக் கருதப்படும். அங்கேயே எல்லை கடந்ததாகக் கணக்கு. கனடா விசா மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் போக முடியாது.

இந்த விவரமெல்லாம் எப்போது தெரியவருகிறது? சகார் விமான நிலையத்தில், செக்-இன் கவுண்டரில், குடும்பமே வழியனுப்ப வந்து வெளியே நிற்கும்போது! தாள் சரியில்லாத பயணியை ஏற்றிவந்த விமானக் கம்பெனிக்குப் பல நாடுகள் அபராதம் போடுகின்றன. ஆகவே கம்பெனி கணிப்பொறியில் விதியைப் பார்க்கிறது, ஐயம் வந்தால் நிறுத்திவிடுகிறது. உரிய தாள்களைக் கொண்டுவருவது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்குப் பொறுப்பில்லை. ஏஜென்டின் போன் அணைந்து கிடக்கும். வட்டிக்கு வாங்கிய பணத்துக்கு மட்டும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

தாள் சரியாக இருந்தவர்களும் தப்பவில்லை. கொரோனாக் காலத்தில் இந்தியாவிலிருந்து நேரே சவூதிக்குப் போக வழியில்லாததால், துபாயில் 14 நாள் தங்கிப் போகும்படி ஆயிரமாயிரம் தொழிலாளரை ஏஜென்ட்கள் அனுப்பினார்கள். 2021 பிப்ரவரி 3ஆம் நாள் சவூதி அரசு 20 நாட்டவரின் நுழைவை நிறுத்தியது. அந்தப் பட்டியலில் இந்தியாவோடு ஐக்கிய அரபு அமீரகமும் இருந்தது. சில நாளில் குவைத்தும் கதவடைத்தது. கையிருப்புத் தீர்ந்து நடுவழியில் நின்றவர்களுக்குச் சமூக அமைப்புகள்தான் இடமும் சோறும் கொடுத்தன. ‘இந்த வழியாக வராதீர்கள், வந்தவர்கள் ஊர் திரும்புங்கள்’ என்று இந்தியத் தூதரகம் அறிக்கை விட்டது. திரும்புவதற்கான டிக்கெட்டுக்குப் பணம் யார் தருவது?

2023 டிசம்பரில் நடந்தது இன்னும் பெரிது. ஃபுஜைராவிலிருந்து நிகராகுவா போன விமானம் ஒன்று, எண்ணெய் நிரப்ப பிரான்சின் வாத்ரி விமான நிலையத்தில் இறங்கியது. ஆட்கடத்தல் என்று துப்புக் கிடைத்து, பிரெஞ்சுப் போலீஸ் அதைப் பிடித்து வைத்தது. உள்ளே 303 பேர், பெரும்பாலோர் இந்தியர். இந்தி பேசுவோரும் தமிழ் பேசுவோரும் இருந்ததாகச் செய்திகள் வந்தன. நான்கு நாள் விமான நிலையக் கூடத்தில் கட்டிலில் கிடந்தார்கள், அங்கேயே நீதிமன்றம் கூடியது. 276 பேரைச் சுமந்துகொண்டு டிசம்பர் 26 விடியற்காலையில் அந்த விமானம் வந்து இறங்கியது நம் மும்பையில்தான். எண்ணெய் நிரப்ப நின்ற இடத்திலும் ஒரு நாட்டின் சட்டம் காத்திருந்தது.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற வேண்டும் என்றது. தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று 2017இல் விதி வந்தது. 2025 அக்டோபரில் மத்திய அரசு புதிய மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. நாம் கேட்பது இதுதான்: வேலை ஒப்பந்தத்தோடு விமானப் பாதையும் எழுதப்பட வேண்டும். நடுவழி விசாவுக்குப் பொறுப்பு ஏஜென்ட் என்று சட்டமே சொல்ல வேண்டும். அவர் கொடுத்த டிக்கெட்டால் பயணம் தடைப்பட்டால், முழுப் பணத்தையும் அவரே திருப்பித் தர வேண்டும். தொழிலாளர் அனுப்பும் அந்நியச் செலாவணியை எண்ணி மகிழும் அரசுக்கு இது பெரிய காரியமா?

அதுவரை, தோழர்களே, தாய்மார்களே, முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். எல்லாம் ஒரே பி.என்.ஆர். எண்ணா? சாமான் கடைசி ஊர் வரை போகுமா? நடுவில் விமான நிலையம் மாறுகிறதா? அந்த நாட்டின் தூதரக விதி என்ன? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கும் ஏஜென்டின் பெயரையும் விலாசத்தையும் நம் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.