காய்ச்சலோடு விரிவுரைக்கு வரும் மாணவர்

இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டில் இரண்டு தடவை தலைதூக்குகிறது. ஏப்ரல் முடிவிலிருந்து நடு ஆண்டு வரை ஒரு தடவை, ஆண்டு முடிவை ஒட்டி இன்னொரு தடவை. பேராதனை வளாகத்தையும் கண்டியைச் சுற்றியுள்ள கல்லூரிகளையும் கவனிக்கும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் இது தெரிந்த விடயம். ஒவ்வொரு பருவத்திலும் கை கழுவச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டுகிறோம், கன்டீன் வாசலில் சவர்க்காரம் வைக்கிறோம். அவை தொடரட்டும். ஆனால் வளாகத்தில் இந்த நோயைப் பரப்புவதில் வைத்தியச் சான்றிதழ் என்ற காகிதத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பதே எங்கள் கருத்து. அதில் கையெழுத்திடுபவர்கள் நாம்தான். ஆகவே இதை முதலில் பேச வேண்டியவர்களும் நாம்தான்.

பல பீடங்களில் பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். ஆய்வுகூட வகுப்பு தவறினால் புள்ளி போகும். ஏற்கத்தக்க சான்றிதழ் இல்லாமல் பரீட்சையைத் தவறவிட்டவர் அடுத்த தடவை மீள்தோற்றுநராகவே எழுத வேண்டும். வகுப்புச் சித்தியும் கைநழுவும். இந்த நிலையில் 102 பாகை காய்ச்சலோடு கண்விழிக்கும் மாணவி என்ன செய்வார்? இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு விரிவுரைக்குப் போவார். இல்லையென்றால் சுகாதார நிலையத்து வாங்கில் மற்றவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து சான்றிதழுக்காகக் காத்திருப்பார். ஆஸ்துமாவுக்கு மருந்து வாங்க வந்தவரும், கர்ப்பிணியான ஊழியரும் அதே வாங்கில்தான் இருப்பார்கள்.

வைரஸ் உடலில் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்தே தொற்று பரவலாம்; அது மிகவும் வீரியமாகப் பரவுவது நோயின் முதல் மூன்று, நான்கு நாட்களில். மாணவரைச் சான்றிதழுக்காக நாம் அலைய வைப்பதும் அதே நாட்களில்தான்.

காய்ச்சலும் இருமலும் உள்ள மாணவர் முதல் ஐந்து நாட்களுக்குத் தாமே அறிவித்தால் போதும் என்று மூதவை தீர்மானிக்க வேண்டும். சுகாதார நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பதிவேட்டில் ஒரு வரி, பீடத்துக்கு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். சிலர் இதைத் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்று விரிவுரையாளர்கள் சொல்வார்கள். செய்யத்தான் செய்வார்கள். இன்றைய முறையிலும் சான்றிதழ் தேடிப் பிடிப்பவர்கள் இல்லாமலில்லை. பொய்க் காய்ச்சலைப் பிடிப்பதற்காக மெய்யான காய்ச்சலை மண்டபம் முழுவதும் பரப்புவதை ஒரு சுகாதாரப் பணியாளர் ஏற்கக் கூடாது. 2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்ட பிறகு விரிவுரைகளை இணையத்துக்கு மாற்றத் தெரிந்த நிறுவனங்களுக்கு ஐந்து நாள் பாடத்தைப் பதிவு செய்து கொடுப்பது பெரிய காரியமல்ல.

இந்த யோசனையில் ஓர் ஆபத்து உண்டு. அது வரவேட்டில் இல்லை, டெங்கில் இருக்கிறது. தென்மேல் பருவமழைக் காலத்தில் இரண்டு நோயும் ஒரே வாரங்களில் வருகின்றன. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். அப்படிப்பட்ட ஒரு பருவத்தில் "தடிமன் காய்ச்சல்தானே" என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு அறையில் தனியே கிடப்பவரை நினைத்துப் பாருங்கள். டெங்கில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. சுகமாகிவிட்டது என்று எண்ணும் அந்த நேரமே ஆபத்தானது. ஆகவே தொலைபேசியில் பேசும் தாதி மூன்று விடயங்களைத் தவறாமல் சொல்ல வேண்டும்: பரசிட்டமோல் தவிர ஐபுபுரோபன், டிக்ளோபெனக் எதுவும் வேண்டாம், மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் முழுக் குருதிக் கணக்கீட்டுக்கு முகக்கவசம் அணிந்து வர வேண்டும், வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே வைத்தியசாலை. சான்றிதழுக்காக வரும் கூட்டம் குறைந்தால் இந்தப் பரிசோதனைக்கு வருபவரைக் கவனிக்க நமக்கும் நேரம் கிடைக்கும்.

அடுத்தது விடுதி. ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில் வதிவிடப் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்ட பேராதனைக்கு 1952இல் மாணவர்கள் வந்தபோது இருந்த இடவசதி இன்று இல்லை. இருவருக்கு அளவான அறையில் மூன்று, நான்கு கட்டில்கள். யன்னலைத் திறந்து வையுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புகிறோம். ஹந்தானை அடிவாரத்து விடுதியில் யன்னலைத் திறந்து வைத்தால் உள்ளே வருவது காற்று மட்டுமல்ல. குரங்கு வந்து பிஸ்கட் பொதியையும் சோற்றுப் பார்சலையும் தூக்கிக்கொண்டு போகும், புத்தகத்தையும் கிழித்துப் போடும். இரவில் குளிர் வேறு. ஆகவே யன்னல் பூட்டியே இருக்கிறது, நால்வரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். யன்னலுக்குக் கம்பி வலை அடித்துக் கொடுக்காத நிர்வாகம் காற்றோட்டத்தைப் பற்றி மாணவருக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை. பராமரிப்புப் பிரிவுக்குப் போகும் அந்தக் கோரிக்கையை நோய்த்தடுப்புக் கோரிக்கையாகவே எழுதி, வைத்தியர் கையெழுத்திட்டு அனுப்பலாம்.

இடமில்லாத விடுதி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. நல்ல எண்ணத்தில் செய்யப்படும் இந்தக் காரியம் எங்களை மிகவும் கவலைப்பட வைக்கிறது. யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ இரவு பஸ்ஸில் பல மணி நேரம் இருமிக்கொண்டு போகிறார் அந்த மாணவர். தோட்டத்துப் பிள்ளை என்றால் போய்ச் சேருவது லயன் அறைக்கு. அங்கே அம்மம்மாவும் கைக்குழந்தையும் அதே கூரையின் கீழ் படுக்கிறார்கள். இருபது வயதுக்காரர் ஒரு கிழமையில் எழுந்துவிடுவார். எழுபது வயதுக்காரரைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது. ஒவ்வொரு விடுதியிலும் பருவ மாதங்களில் ஓர் அறையையாவது நோயாளருக்கென ஒதுக்கி, மூன்று வேளைச் சாப்பாட்டையும் அங்கேயே கொடுத்து, காலையும் மாலையும் ஒருவர் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். பனடோல் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் அவர் வெளியே வரலாம்.

முதலாம் வருடத்தவர் நிலை இன்னும் கடினம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடை செய்தும் அது ஒழியவில்லை. சீனியர் கூப்பிட்ட இடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமலிருக்கப் புதியவருக்குத் துணிவு வராது. அந்தப் பிள்ளை நமக்கு நேரடியாக அழைத்துப் பேச ஓர் இலக்கம் இருக்க வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

முகக்கவசம் பற்றி: அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் 2006-07 குளிர்காலத்தில் நடந்த ஆய்வில், முகக்கவசத்தையும் கைச்சுத்தத்தையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களிடம் நான்காம் முதல் ஆறாம் வாரம் வரை இன்புளுவென்சா போன்ற நோய் 35 முதல் 51 சதவீதம் வரை குறைந்தது. முழுக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான வேறுபாடு தெரியவில்லை. பலன் உண்டு, ஆனால் நோயாளி அறைக்குள் இருக்க வழி செய்யாமல் அதை மட்டும் நம்ப முடியாது. தடுப்பூசி பலன் தர இரண்டு கிழமை எடுக்கும் என்பதால் ஆஸ்துமா, நீரிழிவு உள்ள மாணவருக்கும் கர்ப்பிணி ஊழியருக்கும் சுகாதார நிலையப் பணியாளருக்கும் அதை ஏப்ரலுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பரீட்சைக் காலத்துக்கு ஒரு தனிக் கோரிக்கை. காய்ச்சலோடு வருபவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார். மண்டபத்துக்கு அருகே யன்னல்கள் திறந்த ஒரு சிறிய அறையும் முகக்கவசம் அணிந்த ஒரு மேற்பார்வையாளரும் போதும். எழுதக்கூடியவர் அங்கே எழுதட்டும், எழுத முடியாதவரின் அடுத்த தோற்றலை முதல் தோற்றலாகவே பீடம் கணக்கிடட்டும்.